குத்துச்சண்டை பார்க்க "அக்கவுண்ட்" விற்கிறார்கள்: காரைக்குடிப் பக்கம் இருப்பவர்கள் கவனிக்கவும்

பெரிய குத்துச்சண்டை எதுவும் நெருங்கினால் போதும், சண்டையைக் காட்டும் செயலிக்கு "குறைந்த விலையில் அக்கவுண்ட் தருகிறோம்" என்று நம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். எங்களிடம் எப்படி வாங்கினார்கள், எந்த நேரத்தில் கையை விரித்தார்கள் என்பதை விவரமாகவே சொல்கிறேன்.

2024 டிசம்பர் 21 அன்று ரியாத்தில் ஹெவிவெயிட் வீரர்கள் உசிக்கும் ஃபியூரியும் இரண்டாவது முறை மோதினார்கள். நமக்கு அது ஞாயிறு அதிகாலை, மூன்றரை மணிவாக்கில். என் பெரியப்பா அதை எப்படியாவது பார்க்க வேண்டும் என்றார். 1975 ஜூலையில், கோலாலம்பூரில் வேலையில் இருந்தபோது, மெர்டேகா அரங்கத்தில் முகமது அலி – ஜோ பக்னர் சண்டையைப் பதினைந்து ரவுண்டும் நேரில் பார்த்தவர் அவர். டிக்கெட் ஒன்று வாங்கினால் எல்லாம் முடிந்த காலம் அது.

இப்போது அப்படி இல்லை. செயலிக்கு மாதச் சந்தா கட்டினாலும் இந்த மாதிரிச் சண்டைக்குத் தனியாக ஒரு கட்டணம் உண்டு. குழுவில் எண் போட்டிருந்தவரிடம் இதைத்தான் முதலில் கேட்டேன். "சந்தா, சண்டைக் காசு ரெண்டும் சேர்த்து 600 ரூபாய்ண்ணே. நம்ம ஆளு வெளிநாட்டுல இருக்காப்ல, அங்க வெல கம்மி" என்று உடனே பதில் வந்தது. நாடு மாறினால் விலை மாறும் என்பது உண்மைதான், அதனால் பேச்சு நம்பும்படியாகவே இருந்தது. வீட்டில் மூன்று பேர் ஆளுக்கு 200 போட்டு ஜிபே செய்தோம். சொன்ன நேரத்துக்கு மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் வந்தன.

அன்று இரவு பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) டிவியை வைத்து உட்கார்ந்தோம். முன்னால் நடந்த சண்டைகள் எல்லாம் கண்ணாடி மாதிரித் தெளிவாக ஓடின. மோசஸ் இடாமா என்ற இளைஞன் முதல் ரவுண்டிலேயே எதிராளியைச் சாய்த்தபோது, "கை வேகத்தைப் பாருடா" என்று பெரியப்பா எழுந்தே நின்றுவிட்டார். அப்புறம் உசிக்கும் ஃபியூரியும் மேடைக்கு வருகிற நேரம், திரை கறுத்தது. இந்தக் கணக்கு வேறு சாதனங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஓர் அறிவிப்பு. திரும்ப உள்ளே போகப் பார்த்தால் கடவுச்சொல் தவறு என்றது. விற்றவருக்குச் செய்தி அனுப்பினேன், இரண்டு டிக் விழுந்தது. அடுத்த செய்திக்கு ஒரே டிக். அவர் படமும் காணாமல் போனது. மூன்று நடுவர்களும் 116–112 என்று உசிக்குக்குக் கொடுத்ததைப் பெரியப்பாவுக்குக் கைபேசியில் இருந்து படித்துத்தான் காட்டினேன்.

விடிந்த பிறகு அதே குழுவில் பள்ளத்தூர், கோவிலூர்க்காரர்களும் இதையே எழுதியிருந்தார்கள். ஒரே கணக்கைப் பலருக்கு விற்றிருக்கிறார்கள். முன்னால் நடக்கும் சண்டைகளை எல்லாரும் பார்ப்பதில்லை என்பதால் அதுவரை பிரச்சினை தெரியாது. முக்கியச் சண்டைக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளே வந்ததும் செயலி ஒவ்வொருவராக வெளியே தள்ளுகிறது. அந்தச் சாக்கில் விற்றவர் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு எண்ணையும் பிளாக் செய்துவிடுகிறார். ஒன்றுமே கொடுக்காமல் ஓடியிருந்தால் நாங்கள் அன்று மாலையே வேறு வழி பார்த்திருப்போம்.

இதோடு விடவில்லை. மறுநாள் வேறு எண்ணிலிருந்து "ரீஃபண்ட்" என்று ஒரு கியூஆர் கோடு வந்தது. ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் 600 ரூபாய் திரும்ப வருமாம். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் ஒருநாளும் தேவையில்லை. பின் கேட்டாலே பணம் நம் கணக்கிலிருந்து போகிறது என்று அர்த்தம். அதைத் தொடவில்லை.

இந்த ஆட்களுக்கு இவ்வளவு இடம் கிடைத்ததற்குக் காரணம் குத்துச்சண்டையை விற்கிறவர்களேதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. 2015-ல் மேவெதர் – பக்கியாவோ சண்டையை வீட்டில் பார்க்க அமெரிக்காவில் கிட்டத்தட்ட 100 டாலர். இந்தக் கொள்ளை முடிந்தது என்று சொல்லிக்கொண்டு 2018-ல் டாசோன் என்ற விளையாட்டுச் செயலி அங்கே மாதம் 9.99 டாலருக்கு வந்தது. சில வருஷத்திலேயே அதுவும் சந்தாவுக்கு மேல் தனிக் கட்டணம் வாங்க ஆரம்பித்தது. பல பத்தாண்டுகள் குத்துச்சண்டை காட்டிய அமெரிக்க டிவி சேனல் எச்பிஓ 2018-லேயே நிறுத்திக்கொண்டது, இன்னொரு சேனலான ஷோடைம் 2023-ல். இன்னொரு பக்கம் நெட்ஃபிளிக்ஸ் 2024 நவம்பரில் டைசன் – ஜேக் பால் சண்டையையும், 2025 செப்டம்பரில் கனேலோ – கிராஃபோர்ட் சண்டையையும் சாதாரணச் சந்தாவிலேயே காட்டியது. டைசன் சண்டை பலருக்குப் படம் ஓடாமல் சுற்றிக்கொண்டே நின்றது வேறு விஷயம். ஆக, இந்தச் சண்டை எந்தச் செயலியில், சந்தாவிலேயே வருமா, தனிக் காசா என்று ஒவ்வொரு தடவையும் ரசிகன் தேடி அலைய வேண்டியிருக்கிறது. எழுபது வயதுக்காரர் எங்கே போய்த் தேடுவார்? "நான் போட்டுத் தர்றேன்" என்று சொல்கிறவரைத்தான் நம்புவார்.

அதனால் முதலில் செயலிக்குள்ளேயே அந்தச் சண்டையின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். தனிக் கட்டணம் என்றால் விலை அங்கேயே இருக்கும். சந்தா மாதக் கணக்கா, ஒரு வருஷத்துக்குக் கட்டிப்போடுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தானாகக் கழியும் சந்தா என்றால் 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த எஸ்எம்எஸ்ஸைப் படிக்காமல் அழிக்காதீர்கள். செயலிக்காரர்களோடே தகராறு என்றால் நுகர்வோர் உதவி எண் 1915.

ஏற்கெனவே பணம் போய்விட்டதென்றால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை முடக்கும் வாய்ப்பு குறையும். பணம் அனுப்பிய 12 இலக்க யுபிஐ எண்ணைக் கேட்பார்கள், அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 600 ரூபாய்தானே என்று எங்கள் குழுவில் பலர் புகாரே கொடுக்கவில்லை, அதுதான் எனக்கு ஆற்றாமை. நான் கொடுத்திருக்கிறேன், பணம் இன்னும் வரவில்லை. இதே ஆளிடம் ஏமாந்தவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள். என் புகார் எண்ணைத் தருகிறேன், உங்கள் புகாரில் அதையும் சேர்த்துக் குறிப்பிடலாம்.