கால் வீக்கத்துக்கு ஐஸா, தலையணையா?

பாதத்தில் ஆபரேஷன் முடிந்து கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டுக்கு வந்த முதல் வாரம் ஐஸ் பையைத்தான் முழுசாக நம்பினேன். வைத்ததும் வலி அடங்கும், எடுத்த அரை மணியில் பாதம் மறுபடி உப்பிவிடும். கட்டின் மேல் துணி போட்டு 15, 20 நிமிடம்தான் வைக்கலாம், கட்டு நனையக் கூடாது. சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஐஸ் வைக்கவே வேண்டாம், தோல் புண்ணாவதுகூட அவர்களுக்குத் தெரியாது.

தலையணை வேறு மாதிரி. நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டூலில் காலை நீட்டினால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன், ஆனால் படுத்துக்கொண்டு, பாதம் நெஞ்சை விட உயரமாக இருக்கும்படி, கெண்டைக்காலையும் தாங்குகிற மாதிரி இரண்டு மூன்று தலையணை அடுக்கினால்தான் தேங்கிய நீர் வடிகிறது. செலவும் இல்லை, கரண்ட் போனாலும் கவலை இல்லை.

என் ஓட்டு தலையணைக்குத்தான், ஐஸ் வலிக்கு மட்டும். சாயங்கால வீக்கம் மாதக்கணக்கில் இருக்கும், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும், பயப்படாதீர்கள். சில்வர் பீச் மணலில் நடக்க எனக்கு 5 மாதம் ஆனது. ஆனால் கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ ரத்தம் உறைந்திருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.