செட்டியார் தெருவிலிருந்து மணிக்கூட்டுக் கோபுரம்வரை: ஒரு வாசிப்பு நடை

சென்ற சனிக்கிழமை காலை, கொழும்பில் இயங்கும் சிறு கலைக்குழுவொன்றின் வாசிப்பு நடையில் 1,500 ரூபா கட்டணம் செலுத்திக் கலந்துகொண்டேன். செட்டியார் தெருவில் தொடங்கி, புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெரு வழியாகக் கோட்டை மணிக்கூட்டுக் கோபுரம்வரை நடப்பதும், இடையிடையே நின்று சங்க இலக்கியமான பெரும்பாணாற்றுப்படையின் பகுதிகளைப் பங்கேற்பாளர்களே மாறிமாறி உரக்க வாசிப்பதும்தான் ஏற்பாடு. நூல் தெரிவைப் பாராட்டியே ஆகவேண்டும். பரிசில் பெற்ற பாணன் இன்னொரு பாணனுக்கு வழிசொல்லும் 500 அடிகளை இத்தனை காலமும் நாற்காலியில் சாய்ந்தபடி படித்து வந்ததுதான் விசித்திரம் என்று அன்று தோன்றியது.

நடையைக் கலையாகக் கொள்வது புதிதன்று. இங்கிலாந்தின் ரிச்சர்ட் லோங் 1967இல் புல்வெளியொன்றில் திரும்பத் திரும்ப நடந்து, அந்தத் தடத்தையே படைப்பாக்கினார். அது தனியொருவரின் நடை. கோயிலில் புராண படனம் கேட்டு வளர்ந்த எனக்கோ, ஒருவர் வாசிக்க இன்னொருவர் பயன், அதாவது பொருள் விளக்கம், சொல்லும் பழைய வழக்கம் தெருவுக்கு இறங்கி வந்ததுபோல் இருந்தது. பயன் சொல்லும் உரிமை இங்கே எல்லோருக்கும் உண்டு என்றுதான் அறிவித்திருந்தார்கள்.

மிளகுப் பொதி சுமந்த கழுதைகளோடு வணிகச் சாத்து (வணிகர் கூட்டம்), சுங்கம் கொள்ளும் பெருவழியில் செல்லும் பகுதியை நான்காம் குறுக்குத் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வாசித்தார். கழுதையின் முதுகில் சுமை பதித்த தழும்பைச் சொல்லும் அடிக்கு அவர் வந்த வேளையில், செத்தல் மிளகாய் மூட்டையைத் தோளில் தாங்கிய நாட்டாமி ஒருவர், "வழி விடுங்கோ, வழி விடுங்கோ" என்று எங்களை விலக்கிக்கொண்டு போனார். ஆசிரியை நிறுத்திவிட்டார். தொடர்ந்து வாசிக்க யாருக்கும் மனம் வரவில்லை. அந்த மௌனத்தை அப்படியே விட்டிருக்கலாம். வழிநடத்தியவரோ உடனே ஒலிபெருக்கியை எடுத்துப் பத்து நிமிடம் உரை நிகழ்த்தினார். தவிர, 22 பேர் கூடி நிற்க அந்தத் தெரு இடங்கொடாது. பிழைப்புக்காக மூட்டை சுமப்பவரின் வழியை நாங்கள் மறித்து நின்றதும் சரியன்று.

பதம் பிரித்துத் தந்த கைந்நூல் பயனுள்ளது. எழுத்துதான் மிகச் சிறிது.

கோட்டையை அடைந்தபோது ஒலிபெருக்கியின் பற்றரி தீர்ந்திருந்தது. கப்பல்களை அழைக்க உயர்ந்த மாடத்தில் இரவில் தீ மூட்டும் காட்சியை, 1857இல் மணிக்கூட்டுக் கோபுரமாக எழுந்து பின்னர் வெளிச்சவீடாகவும் பணிசெய்த அந்தக் கட்டடத்தின் அடியில் நின்று வாசித்தோம். "அப்ப கப்பலுக்கு இது எப்பிடித் தெரியும்?" என்று ஒரு சிறுவன் கேட்டான். எல்லோரும் கடலைத் தேடினோம், கட்டடங்கள்தாம் தெரிந்தன. சுற்றிலும் எழுந்த அந்தக் கட்டடங்களே வெளிச்சத்தை மறைத்து, கோபுரத்துக்கு ஓய்வு கொடுத்தன என்பதை ஆளுக்கொன்றாகச் சொல்லி நாங்களே பேசித் தெளிந்தோம்.

அடுத்த நடைக்கும் பெயர் பதிந்திருக்கிறேன். பற்றரியை மாற்றாமல் வந்தார்களென்றால் மிக்க மகிழ்ச்சி.