தொலைவிலிருந்து சேர்ந்து பாட: ஜூம், ஜாமுலஸ், ஜாக்ட்ரிப்

பத்து மீட்டர் தள்ளி நிற்பவரின் குரல் நம் காதுக்கு வந்து சேர ஏறக்குறைய 29 மில்லி விநாடி ஆகிறது. பெரிய பாடகர் குழுவின் இரு ஓரங்களிலும் நிற்பவர்கள் இந்தத் தாமதத்தோடுதான் பாடிப் பழகியிருக்கிறார்கள். ஆகவே இணையவழியில் சேர்ந்து பாட உதவும் மென்பொருளை இந்த அளவுகோலை வைத்தே மதிப்பிட வேண்டும்.

ஜூம் பேச்சுக்காக உருவானது. நால்வர் ஒன்றாகப் பாடினால் அதில் ஒரு குரல் மேலெழ, மற்றவை அறுந்து அறுந்து கேட்கும். 'ஒரிஜினல் சவுண்ட்' வசதியை இயக்கினால் இந்த அறுபடல் குறையுமே தவிர, தாமதம் குறையாது. ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து பாட்டின் வேகமான காலப்பிரமாணம் இழுபட, கடைசியில் தலைமைப் பாடகரைத் தவிர எல்லோரும் மைக்கை அணைத்துவிட நேரிடுகிறது. அதைச் சேர்ந்திசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஃபோல்கர் ஃபிஷர் உருவாக்கிய ஜாமுலஸ் ஒரு கட்டற்ற மென்பொருள். எல்லோருடைய குரலும் ஒரு சர்வருக்குப் போய், அங்கே கலந்து, அவரவர் காதுக்குத் திரும்பி வருகிறது. நம் குரலும் அப்படித்தான் வருகிறது என்பதால், தொண்டையை நம்பாமல் ஹெட்ஃபோனில் கேட்கும் குரலைப் பின்பற்றிப் பாட வேண்டும். பழகும் வரை இது கடினம். ஆனால் திரையில் ஒவ்வொரு பாடகருக்கும், ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஒரு ஃபேடர் இருப்பதால், கீழ்க்குரல் பாடுபவர் தன் பக்கத்துக் குரலைத் தனக்கு மட்டும் கூட்டிக்கொள்ளலாம். மேடையில்கூட இந்த வசதி எளிதில் கிடைக்காது. தாமதம் அளவோடு இருந்தால் பச்சை விளக்கும், மிஞ்சினால் சிவப்பு விளக்கும் எரியும். வைஃபையும் புளூடூத் ஹெட்ஃபோனும் இதற்கு உதவா. இணையத்துக்கும் ஹெட்ஃபோனுக்கும் கம்பி இணைப்பு வேண்டும்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சேஃப், ஹுவான் பாப்லோ காசெரெஸ் ஆகியோர் உருவாக்கிய ஜாக்ட்ரிப், ஒலியைச் சுருக்காமல் அனுப்புவதால் குரலின் நுணுக்கம் குறையாது. அதற்கேற்ப நல்ல இணைய வேகமும் அமைப்பதற்குப் பொறுமையும் தேவைப்படுகின்றன. இரண்டு அரங்குகளை இணைத்து நடத்தும் கச்சேரிக்கு இதையும், வாராந்திர ஒத்திகைக்கு ஜாமுலஸையும் தேர்ந்தெடுப்பேன்.

கண்ணாடி இழையில் ஒளி மில்லி விநாடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர்தான் செல்கிறது. சென்னைக்கும் மதுரைக்கும் இடையே இது பொருட்டே அல்ல. சென்னைக்கும் டொராண்டோவுக்கும் இடையே, ஒரு வழிக்கே 60 மில்லி விநாடிக்குக் குறையாது என்பதால், ஒரே தாளத்தில் ஒன்றாகப் பாட எந்த மென்பொருளாலும் இயலாது. அங்கே ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஒரே கூடத்தில் இருந்து திருப்பிப் பாடும் நாமாவளி மட்டும், தாளக்கருவி இல்லாமல், அந்த இடைவெளியைத் தாங்கிக்கொள்ளும்.