ஜன்னலா, எல்இடி பல்பா, பிளாஷா: கர்ப்பகாலப் படங்களுக்கு வீட்டிலேயே ஒளியமைத்தல்

கர்ப்பகாலப் படத்தில் வயிற்றின் வளைவைக் காட்டுவது வெளிச்சம் மட்டுமல்ல. அந்த வெளிச்சம் படிப்படியாக நிழலாக மாறும் இடமே உருண்டை வடிவத்தைக் கண்ணுக்குப் புலப்படுத்துகிறது. கேமரா இருக்கும் திசையிலிருந்தே ஒளி வந்தால், எவ்வளவு விலையுயர்ந்த விளக்காக இருந்தாலும் வயிறு தட்டையாகத்தான் தெரியும். ஆகவே, பக்கவாட்டிலிருந்து பரந்த ஒளியைத் தர முடிகிறதா, தாயை அதிக நேரம் அசையாமல் நிற்க வைக்காமல் எடுக்க முடிகிறதா என்ற இரண்டு கேள்விகளை வைத்தே ஜன்னல், எல்இடி பல்பு, பிளாஷ் ஆகிய மூன்றையும் ஒப்பிடுகிறேன்.

பகலில் ஜன்னலுக்கு நிகர் வேறில்லை. நேர்வெயில் விழாத ஜன்னலாக இருந்தால் அப்படியே பயன்படுத்தலாம். வெயில் விழுந்தால், பூவேலையோ நிறமோ இல்லாத வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றைக் குறுக்கே கட்டினால் போதும். ஜன்னலைப் பார்த்தபடி தாய் நிற்க, பக்கவாட்டிலிருந்து எடுக்கும்போது முகமும் வயிற்றின் முன்புறமும் ஒளி பெற்று, முதுகுப்பக்கம் மெல்ல இருளுக்குள் போகும். அந்த இருள் மிகுதியாகப் பட்டால் முதுகுப்பக்கத்தில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்தலாம். நிழல் இன்னும் அழுத்தமாக வேண்டுமென்றால், அட்டையை எடுத்துவிட்டு அதே இடத்தில் கறுப்புத் துணியைத் தொங்கவிடலாம். ஜன்னலை நெருங்கி நின்றால் பின்சுவர் வெகுவாக இருண்டுவிடும், தள்ளி நின்றால் அறை முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவாக ஒளிரும் என்பதால், பின்னணியில் கிடக்கும் சாமான்களை மறைப்பதற்கும் இந்த இடைவெளியே உதவுகிறது. அறை விளக்குகளை அணைத்துவிட வேண்டும்: ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் பகலொளி ஏறக்குறைய 5500, மஞ்சள் பல்பு 2700, இரண்டும் ஒரே தோலின் மீது விழுந்தால் ஒரு பாதி நீலமாகவோ மறு பாதி ஆரஞ்சாகவோ தெரிவதை கேமராவின் எந்த ஒயிட் பேலன்ஸாலும் (நிறச் சமன் அமைப்பாலும்) முழுமையாகச் சரிசெய்ய இயலாது.

எல்இடி பல்பின் பெரிய நன்மை, நிழல் எங்கே விழுகிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்பதுதான். ஆனால் பல்பை ஒட்டியே துணியைக் கட்டிவிட்டு, ஒளி மென்மையாகிவிட்டதாகப் பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். விளக்கு பெரிதாக இருந்தால்தான் ஒளி மென்மையாகும்; துணியில் எவ்வளவு பரப்பு ஒளிர்கிறதோ அதுவே விளக்கின் அளவு என்பதால், பல்பைத் துணியிலிருந்து பின்னுக்குத் தள்ளி, துணியைத் தாய்க்கு அருகில் கொண்டுவர வேண்டும். அப்படிச் செய்தால் வெளிச்சம் வெகுவாகக் குறைந்து, ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்திறனை) உயர்த்த வேண்டிவரும். ஷட்டர் வேகத்தையும் குறைக்க, அதாவது கேமராவுக்குள் ஒளி விழும் நேரத்தை நீட்ட வேண்டியிருப்பதால் சிறு அசைவும் படத்தில் கலங்கலாகப் பதியும். மலிவான பல்புகள், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மினுக்குவதால், படத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் விழக்கூடும். 1/50 அல்லது 1/100 நொடியில் எடுத்தால் பெரும்பாலும் தப்பலாம். நிறங்களைச் சரியாகக் காட்டும் திறனுக்கான சிஆர்ஐ எண் 90க்கு மேல் உள்ள பல்பே தோலுக்கு ஏற்றது. (எல்இடிக்குப் பதிலாக ஹாலோஜன் விளக்கைத் துணியருகே வைப்பதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், தீப்பிடிக்கும் அபாயம் ஒருபுறம், கர்ப்பிணிக்குத் தாளமுடியாத வெக்கை மறுபுறம்.)

கேமராவின் மேல் பொருத்தும் பிளாஷ், தலைப்பகுதி திரும்பக்கூடியதாக இருந்தால் மட்டுமே இந்த ஒப்பீட்டில் இடம்பெறும். அதைக் கூரையை நோக்கித் திருப்பச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மேலிருந்து விழும் ஒளியில் கண்குழிகள் கறுத்து, வயிற்றின் மேற்பகுதி மட்டும் வெளுத்துப்போகும். பக்கச்சுவரை நோக்கித் திருப்பினால் அந்தச் சுவரே ஜன்னலாகிவிடும். சுவரில் பச்சையோ மஞ்சளோ பூசியிருந்தால் அந்தச் சாயல் தோலிலும் ஏறும் என்பதால், அதன்மேல் வெள்ளை விரிப்பைத் தொங்கவிட வேண்டும். ஒளி நேராகத் தாய்மீது சிந்தாமலிருக்க, பிளாஷின் தாய்ப்பக்கத்தில் கறுப்பு அட்டைத்துண்டு ஒன்றை ரப்பர் பேண்டால் கட்டலாம். தாய் லேசாக அசைந்தாலும் படம் கூர்மையாக வரும் என்பதே எல்இடியை விட இது மேலானது என நான் கருதுவதற்குக் காரணம். ஆகவே இரவில் என் தேர்வு பிளாஷ். கைபேசியில் எடுப்பவர்களுக்கு மட்டும் எல்இடி.

தாய் நின்று களைத்து, படுத்தபடி எடுக்க விரும்பினாலும் இதே வரிசைதான். கடைசி மாதங்களில் மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய இரத்தக்குழாயை அழுத்தி மயக்கம் வரக்கூடும் என்பதால், ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுக்க வேண்டும். எந்த விளக்கானாலும் ஒளி தலைமாட்டுப் பக்கமிருந்து சரிவாக வரட்டும். கால்மாட்டிலிருந்து வந்தால் மூக்கின் நிழல் நெற்றியை நோக்கி ஏறி, முகம் விகாரமாகிவிடும்.