தேரி மண்ணும் 24 மில்லிமீட்டர் ஸ்வாப்பும்

கேமராவுக்குள் படம் பதிகிற சென்சாரைத் துடைக்க, விஎஸ்ஜிஓ கம்பெனி விற்கிற ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) ஸ்வாப் கிட், அதாவது துணி சுற்றிய குச்சிகளும் திரவமும் உள்ள பெட்டி, வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: வாங்கலாம், கொடுக்கிற காசுக்குத் தகுந்த பொருள். ஆனால் தூசியை ஊதித் தள்ளுகிற நல்ல ப்ளோயர் ஒன்று கையில் இல்லாதவர்கள் அதைத் தொடவே வேண்டாம். முதலில் ப்ளோயர், பிறகுதான் ஸ்வாப். ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், நான் கேமரா தூக்குகிற ஊர் அப்படி.

திருச்செந்தூர் பக்கம் கல்யாண போட்டோ எடுக்கிறவன் நான். இந்தப் பக்கத்து ஜோடிகள் அவுட்டோர் ஷூட் என்றாலே மணப்பாடு கடற்கரை, இல்லையென்றால் காயாமொழிப் பக்கம் குதிரைமொழித் தேரி. சிவப்பு மணல் மேடு, மேலே துடைத்துவிட்ட நீல வானம், பொண்ணு மஞ்சள் சேலையில் நின்றால் போதும், படம் தானாக வந்துவிடும். ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆனால் ஆவணி முகூர்த்தக்காரர்கள் எல்லாம் ஆடியில்தான் ஷூட்டுக்கு நாள் கேட்பார்கள். அந்த மாதம் தேரியில் அடிக்கிற மேல்காற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மேடே இடம் மாறும். அந்தக் காற்றில் 35 மில்லிமீட்டர் லென்ஸைக் கழற்றி 85-ஐ மாட்ட வேண்டியிருக்கும். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா பாடியில் லென்ஸைக் கழற்றினால் சென்சார் நேராக வானத்தைப் பார்க்கும். சில மாடல்களில் ஸ்விட்சை அணைத்தால் ஷட்டர் மூடிக்கொள்ளும், பல மாடல்களில் அது கிடையாது.

மறுநாள் எடிட்டிங் பார்க்கிற தம்பியிடமிருந்து போன் வரும்: "அண்ணே, வானம் பூரா அம்மை போட்ட மாதிரி இருக்கு."

மண்டபத்தில் எடுத்த படங்களில் இந்தப் புள்ளி தெரியாது. அதனால்தான் பலர் தங்கள் சென்சார் சுத்தமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். தூசி உட்காருவது சென்சார் மேல் அல்ல, அதற்கு முன்னால் ஒட்டியிருக்கிற ஃபில்டர் கண்ணாடி மேல். இரண்டுக்கும் நடுவே சின்ன இடைவெளி உண்டு. லென்ஸின் துளையை எஃப் 1.8, 2.8 என்று அகலத் திறந்து எடுக்கும்போது வெளிச்சம் பல கோணத்திலிருந்து விழுந்து தூசியின் நிழலைக் கரைத்துவிடும். எஃப் 11, 16 என்று மூடினால் நிழல் கூர்மையாக விழும். தாலி கட்டும்போது ஒளிந்திருந்த புள்ளி தேரி வானத்தில் பல்லைக் காட்டும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. ஐஎஸ்ஓ 100, எஃப் 22, வெள்ளைச் சுவர், ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்துவிட்டு கேமராவை லேசாக அசைத்தபடி ஒரு கிளிக். சுவரில் உள்ள கறை அசைவில் அழிந்துவிடும், சென்சார் தூசி மட்டும் அசையாமல் நிற்கும். ஒரு விஷயம் கவனம்: படத்தில் மேலே தெரிகிற புள்ளி, மவுண்ட், அதாவது லென்ஸ் மாட்டுகிற வாய் வழியாக உள்ளே பார்த்தால் கீழே இருக்கும். இடம் வலம் மாறாது. இது தெரியாமல் சுத்தமாக இருக்கிற மூலையைப் போட்டுத் துடைக்கிறவர்கள் நிறைய.

இனி பொருளுக்கு வருகிறேன். நான் வைத்திருக்கிற ப்ளோயர் ஜியோட்டோஸ் ராக்கெட், பெரிய சைஸ். காற்றை உள்ளே இழுக்கிற வால்வு பின்பக்கம் தனியாக இருக்கிறது. அதனால் சென்சாரிலிருந்து கிளப்பிய தூசியையே மூக்கு வழியாக உறிஞ்சி மறுபடி ஊதுகிற வேலை இல்லை. கேமராவின் வாயைத் தரையைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு, மூக்கை மவுண்டுக்கு உள்ளே நுழைக்காமல் கீழிருந்து ஊத வேண்டும். ஷட்டர் தகடு மெல்லியது, நுனி பட்டால் போச்சு. ஃபேனை அணைத்துவிடுங்கள். கம்ப்யூட்டர் கடையில் விற்கிற ஸ்ப்ரே டப்பா காற்றை இதற்குப் பயன்படுத்தவே கூடாது, டப்பாவைச் சாய்த்தால் உள்ளே இருக்கிற திரவம் தெறித்துக் கண்ணாடியில் படியும்.

தேரிக்காரர்களுக்கு ப்ளோயர் ஏன் கட்டாயம் என்பதற்குக் காரணம் மண்ணிலேயே இருக்கிறது. அந்தச் சிவப்பு, இரும்பு ஆக்சைடு பூச்சு. பூச்சுக்கு உள்ளே இருப்பது பெரும்பாலும் குவார்ட்ஸ் மணி. மோஸ் அளவில் குவார்ட்ஸின் கடினம் 7, சாதாரணக் கண்ணாடி ஆறைத் தாண்டாது. அந்த மணி ஒன்று உட்கார்ந்திருக்கும்போது ஈர ஸ்வாப்பை வைத்து இழுத்தால் அது சுத்தம் செய்வது ஆகாது, கோடு போடுவது ஆகும். முதலில் ஊது, பிறகு சோதனைப் படம் எடு, மறுபடி ஊது. பெரும்பாலான சமயம் வேலை இதோடு முடிந்துவிடும், ஸ்வாப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

ஊதியும் போகாமல் ஒட்டிக்கொண்டு நிற்பவை வேறு ரகம். மணப்பாட்டில் சிலுவைக் கோயில் குன்றடியில் அலை தெறிக்கிற இடத்தில் ஷூட் முடித்து வந்தால் உப்புத் துளி காய்ந்து வட்டமாக நிற்கும். ஷட்டரிலிருந்து தெறிக்கிற மசகு எண்ணெயும் அப்படித்தான், வெளிறிய ஓரத்தோடு பொட்டு மாதிரி தெரியும். 2012-ல் வந்த நிக்கான் டி600 இந்தப் புள்ளி விவகாரத்தில்தான் பெயர் கெட்டது. அடுத்த வருஷமே டி610 வந்தது, 2014-ல் கம்பெனியே இலவசமாகச் சுத்தம் செய்து ஷட்டரையும் மாற்றித் தர முன்வந்தது. கேமராவுக்குள்ளேயே தூசியை உதறுகிற ஏற்பாடு ஒலிம்பஸ் இ-1 காலத்திலிருந்து, அதாவது 2003-லிருந்து இருக்கிறது. கேனான் 2006-ல் 400டி-யில் கொண்டுவந்தது. உதிரித் தூசிக்கு அது சரி. உப்பும் எண்ணெயும் அதற்கெல்லாம் மசியாது, அங்கேதான் இந்தக் கிட் வேண்டும்.

பெட்டியில் 12 ஸ்வாப், ஒவ்வொன்றும் தனித்தனி உறையில் சீல் செய்தது, கூடவே ஒரு சின்ன பாட்டில் திரவம். ஸ்வாப்பின் அகலம் 24 மில்லிமீட்டர். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36-க்கு 24 என்பதால், இடமிருந்து வலம் ஒரே இழுப்பில் மேலும் கீழும் முழுக்க அடங்கிவிடும். இதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது. சின்ன ஸ்வாப்பை வைத்து இரண்டு தடவை இழுத்தால் நடுவில் ஒரு கோடு மிஞ்சும், அதைத் துடைக்க இன்னொன்று, அதைத் துடைக்க இன்னொன்று என்று போய்க்கொண்டே இருக்கும்.

பேட்டரியை முழுக்க ஏற்றிக்கொண்டு, மெனுவில் சென்சார் கிளீனிங் என்று இருப்பதைப் போட வேண்டும். சென்சாருக்கு முன்னால் கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் கேமராவில் அந்தக் கண்ணாடி மேலே தூக்கி நிற்கும், பாதியில் சார்ஜ் இறங்கினால் ஸ்வாப் மேலேயே விழும். ஸ்வாப்பின் துணி விளிம்பில் இரண்டு சொட்டு, நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒவ்வொரு பக்கமும் ஒன்று. உடனே உள்ளே விடாதீர்கள். துணி முழுக்க ஈரம் ஊறிப் பரவ நாலைந்து விநாடி ஆகும். பிறகு ஒரு ஓரத்தில் வைத்து, குச்சியைச் சற்றே சாய்த்து, தண்டு லேசாக வளைகிற அளவு அழுத்தத்தில் மறு ஓரம் வரை இழுக்க வேண்டும். அங்கே நிறுத்தி, மறுபக்கத் துணியைத் திருப்பி அதே வழியில் திரும்ப வர வேண்டும். அவ்வளவுதான். எடுத்துப் பார்த்தால் ஓரத்தில் ஒரு மெல்லிய செம்மண் கோடு இருக்கும். அந்த ஸ்வாப்புக்கு ஆயுள் முடிந்தது, கழுவிக் காயவைத்து மறுபடி பயன்படுத்துகிற சிக்கனமெல்லாம் இதில் வேண்டாம். கை நடுக்கத்தைச் சரிசெய்கிற ஸ்டெபிலைசேஷன் உள்ள பாடிகளில் சென்சார் மிதந்துகொண்டிருக்கும், கை பட்டதும் அசையும். பயப்பட வேண்டாம், ஆனால் கையைக் கனமாக வைக்கவும் வேண்டாம்.

மூன்றாவது சொட்டு விட்டால் திரவம் ஓரத்தில் தேங்கிக் காய்ந்து, வானவில் மாதிரி திட்டு விழும். ஒரே சொட்டு என்றால் துணி உலர்ந்துபோய் எண்ணெயை அகற்றாமல் பூசிவிடும். இரண்டுதான் கணக்கு. 12 ஸ்வாப் தீர்ந்த பிறகும் பாட்டிலில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். அதை நிறைவாகக் கொடுத்தவர்கள் ஸ்வாப்பில் நாலைக் கூட்டிக் கொடுத்திருக்கலாம் என்பது என் ஆதங்கம். ஒரு ஸ்வாப் என்ன விலை விழுகிறது என்று வகுத்துப் பார்த்தால் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும்தான். ஆனால் பாடியைச் சர்வீஸுக்கு அனுப்பினால் மதுரை, சென்னை என்று போய்வர எத்தனை நாள் ஆகும் என்று யாரும் சொல்ல முடியாது. வைகாசியில் அடுத்தடுத்து முகூர்த்தம் இருக்கும்போது பாடியைப் பார்சல் கட்டிவிட்டு எதை வைத்துப் படம் எடுப்பது?

இதற்குப் போட்டியாக ஆன்லைனில் பத்துப் பொருள் ஒரே பையில் என்று மலிவாக ஒரு ரகம் விற்கிறது. பெயர் எதற்கு, ஒரே பையில் வேறு வேறு பெயரை அச்சடித்து விற்கிறார்கள். அதில் வந்த ப்ளோயரைக் கறுப்புத் துணி மேல் வைத்து ஊதினேன், வெள்ளைப் பவுடர் பறந்தது. ரப்பர் ஒட்டாமல் இருக்கத் தூவிய பவுடர் அது. கூடவே ஒரு பிரஷ். லென்ஸ் மூடியைத் துடைக்கலாம், சென்சார் பக்கம் கொண்டுபோகக் கூடாது. புது ப்ளோயர் எதுவானாலும் முதலில் கறுப்புத் துணியில் ஊதிப் பார்ப்பது நல்லது.

பென்டாக்ஸ் விற்கிற ஜெல் குச்சியைப் பற்றியும் கேட்கிறார்கள். ஒட்டி ஒட்டி எடுக்கிற முறை அது, வறண்ட தூசிக்கு அருமையாக வேலை செய்யும். ஆனால் எங்கள் உப்புக்கும் எண்ணெய்க்கும் அது போதாது. பழைய ஸ்டுடியோ அண்ணாச்சிமார் இன்னும் எக்லிப்ஸ் திரவம்தான் சிறந்தது என்பார்கள். சுத்தமான மெத்தனால், நொடியில் காயும், திட்டு விழாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது விஷம், தீயும் பற்றும், குழந்தைகள் ஓடுகிற வீட்டில் நான் வைத்துக்கொள்வதில்லை.

இரண்டு ஸ்வாப் போட்டும் அதே இடத்தில் அதே புள்ளி நின்றால் மூன்றாவதைப் பிரிக்காதீர்கள். அது கீறலாகவோ, ஃபில்டர் அடுக்குக்கு உள்ளே புகுந்த தூசியாகவோ இருக்கலாம், அதைக் கழற்றிப் பார்ப்பது சர்வீஸ்காரர் வேலை. வேலை குறைவான நாள் பார்த்து அனுப்பிவிடுங்கள்.

ஆர்டர் போடும்போது ஒன்றைச் சரிபார்க்கவும். சின்ன சென்சார் உள்ள கிராப் பாடிக்கு 16 மில்லிமீட்டர் ஸ்வாப் தனிப் பெட்டியில் வருகிறது, பெட்டிகள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கிராப் சென்சாரின் உயரம் பதினைந்து மில்லிமீட்டரைச் சுற்றித்தான், 24 அங்கே அடங்காது. கை மாறி வந்துவிட்டால் உறையைப் பிரிக்காமல் அப்படியே திருப்பி அனுப்புங்கள், பிரித்த ஸ்வாப்பை யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள்.