டோர்ஷன், பக்ஸ் பாயின்ட், பெட்ஃபோர்ட்ஷயர், ஹானிட்டன்: பின்னி, உடுத்தி, துவைத்துப் பார்த்த அனுபவம்

பாபின் என்கிற சின்னக் குச்சிகளில் நூலைச் சுற்றிப் பின்னும் லேஸ்தான் பாபின் லேஸ்; தலைப்பில் உள்ள நாலும் அதன் பாணிகள். இரண்டு ஜோடி நூலை வைத்துக் கை செய்யும் வேலை இரண்டுதான்: நடு நூல்களை மாற்றிப் போடுவது, ஜோடிகளை முறுக்குவது. திண்டு, குண்டூசி, துளை குத்திய அட்டை எல்லாப் பாணிக்கும் பொது. ஆனால் வருஷக்கணக்கில் புழங்கினால் ஒவ்வொன்றின் குணமும் வேறு என்று தெரிகிறது.

தினசரி உபயோகத்துக்கு என் ஓட்டு டோர்ஷனுக்கு. குண்டூசி குத்துமுன் ஒரு அரைத்தையல் (ஒரு மாற்று, ஒரு முறுக்கு), குத்தியபின் ஒரு அரைத்தையல் என்று போடுவதால், ஊசியை எடுத்த பிறகும் நூலே அந்த இடத்தைப் பூட்டிக்கொள்கிறது. லினன் நூலில் பின்னித் தலையணை உறையில் தைத்தேன். எத்தனையோ சலவை கண்டும் கட்டம் குலையவில்லை. கற்றுக்குட்டிகளின் லேஸ் என்று இதை ஒதுக்குவது அநியாயம்.

பின்னும் சுகத்துக்கு பக்ஸ் பாயின்ட்தான். இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயர் பக்கத்து லேஸ் இது. பூக்களுக்கு இடையே நிரப்பும் இதன் வலையில் ஊசியைக் குத்தியபின் தையல் போட்டு மூடுவதில்லை. மூன்று முறுக்கும், நூலை இழுத்துப் பிடிக்கும் பக்குவமும்தான் அந்த அறுகோணக் கண்ணை நிறுத்துகின்றன. பூவின் ஓரமாக கிம்ப் என்கிற தடித்த நூல் ஓடும்போது வெறும் வலையில் பூ சட்டென்று எழுந்து நிற்கும். அந்தக் கணத்துக்காகவே எத்தனை மணி நேரமும் உட்காரலாம். ஆனால் கைக்குட்டை ஓரத்துக்கு வைத்தால் நாளடைவில் கண்கள் கோணிக்கொள்கின்றன. கசங்காத இடத்தில் வைக்க வேண்டிய லேஸ்.

1808-09இல் ஜான் ஹீத்கோட் காப்புரிமை பெற்ற இயந்திரம் பக்ஸ் பாயின்ட் மாதிரி வலையை மலிவாக நெய்யத் தொடங்கியது. கைவேலைக்காரர்களின் பிழைப்பில் விழுந்த அடி அது. பெட்ஃபோர்ட்ஷயர் பாணியிலோ அந்த மாதிரி வலையே கிடையாது. நாலு இழைப் பின்னல்கள் ஒன்றையொன்று வெட்டிப் போகும், நடுவே நெய்த இலைகள். இங்கிலாந்தின் பெட்ஃபோர்டில் லேஸ் வியாபாரி தாமஸ் லெஸ்டர் இதில் பூக்களோடு விலங்குகளையும் கொண்டுவந்தார். இலையை நெய்ய ஒரே நூல் மற்ற மூன்றுக்கும் மேலும் கீழுமாகப் போய் வரும். முடித்ததும் அந்த பாபினைத் தொங்கவிட்டால் இலை சுருங்கிவிடும், அடுத்த ஊசி பிடிக்கும்வரை கையில் தாங்க வேண்டும். பிளவுஸ் கையில் வைத்தால் பார்வைக்கு அள்ளும். ஆனால் ஓரத்துச் சின்ன வளையங்கள் வளையலில் மாட்டிக்கொண்டே இருக்கும். கழுத்துக்கு வைப்பது மேல்.

தென்மேற்கு இங்கிலாந்தில் டெவனின் ஹானிட்டன் வேறு ரகம். பூவும் இலையும் தனித்தனியாகப் பின்னி இணைப்பார்கள், அதுவும் லேஸின் பின்பக்கம் மேலே இருக்கும்படி. இணைக்கும்போது ஓரத்தில் இழுத்தெடுக்கும் நூல் வளையத்துக்குள் நுழையத் தோதாக பாபின் வழவழப்பாக, முனை கூராக இருக்கும். மத்திய இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பாபின் போல மணி கோக்க முடியாது. 1840இல் விக்டோரியா ராணியின் கல்யாண லேஸ் இந்த வகைதான். நம் நாகர்கோவிலிலும் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1820களிலேயே பெண்களுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தார். ஹானிட்டனில் நூல் மயிரிழை; வெளிச்சம் குறைந்தால் கண் வலிக்கும். தேய்மானம் எப்போதும் இணைப்புகளில்தான் முதலில் தெரிகிறது.

சலவை நாலுக்கும் ஒன்றே: வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, பிழியக் கூடாது. ஈரத்தோடு துணி விரித்த பலகையில் ஊசி குத்தி வடிவம் திருத்திக் காயவிடுங்கள். பெட்ஃபோர்ட்ஷயர் இலைகள் மேல் மட்டும் இஸ்திரிப் பெட்டியை அழுத்த வேண்டாம்.