புல்லட்டுக்கு எஃப்ஐ: எஞ்சின் தங்கம், பம்ப் தலைவலி

போன வாரம் மறுபடியும் வண்டியின் பெட்ரோல் பம்பை மாற்றினேன். அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வண்டி 2012 கிளாசிக் 350, கார்புரேட்டர் மாடல், அதாவது காற்றில் பெட்ரோலைக் கலக்க கார்ப் மட்டும்தான். அதை எஃப்ஐக்கு மாற்றினேன்: ஃப்யூயல் இன்ஜெக்ஷன், கம்ப்யூட்டர் அளந்து சொல்ல பெட்ரோலைப் பீச்சும் முறை. கார்பைக் கழற்றி, காற்றை அளவாக விடும் த்ராட்டில் பாடி, பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர் போட்டு, சைலன்சர் பெண்ட்டில் ஆக்ஸிஜன் சென்சாருக்கு நட் வெல்டிங் வைத்து, எல்லாவற்றையும் ஸ்பீடுயினோ போர்டில் (இன்ஜெக்டரை இயக்கும் குட்டிக் கம்ப்யூட்டர்) இணைத்தேன். எஞ்சின் சுற்றும் நிலையைப் பார்க்கும் கிராங்க் சென்சாருக்கு 36 பல்லில் ஒரு பல் விட்ட சக்கரத்தைக் கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் வெட்டிக் கொடுத்தார்கள்.

எஞ்சினைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மேட்டுப்பாளையத்தில் சுத்தமாக ஓடும் கார்ப் வண்டி, ஊட்டி ஏறியதும் ஏன் திணறுகிறது? 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கார்பில் பெட்ரோலை விடும் ஜெட்டின் துளை மட்டும் அதே துளை. பெட்ரோல் மிஞ்சி, பிளக் கரி பிடித்து, ஐடிலிங் செத்துவிடும். இப்போது சென்சார்கள் காற்றின் அழுத்தத்தையும் சூட்டையும் பார்த்துச் சொல்ல, அதற்கேற்ப இன்ஜெக்டர் திறக்கிறது. கோத்தகிரி ஏற்றத்தில் பவர் கொஞ்சம் குறையத்தான் செய்யும், ஆனால் திணறல் அறவே இல்லை. மார்கழிக் குளிரில் சோக் இழுக்காமல், ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகி டுப் டுப் என்று நிதானமாக நிற்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்கவே சீக்கிரம் எழுந்திருக்கலாம். ஒற்றை சிலிண்டரில் மேனிஃபோல்டு (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்) அழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால், எப்போது எவ்வளவு பெட்ரோல் என்று சொல்லும் டியூனிங் டேபிளை நிரப்ப மாதக்கணக்கில் ஆனது. ஆனாலும் அது ரசித்துச் செய்த வேலை.

இப்போது பம்புக்கு வருகிறேன்.

பம்பை டாங்குக்குள் வைக்க டாங்கை வெட்ட வேண்டும், அதற்கு மனசு வரவில்லை. அதனால் பம்பை வெளியே, சைடு பேனலுக்குப் பின்னால் வைத்தேன். இன்ஜெக்டருக்கு 3 பார் அழுத்தம் வேண்டும், மிஞ்சிய பெட்ரோல், அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் வழியாக டாங்குக்கே திரும்பும். காலையில் எல்லாம் ஒழுங்காக நடக்கும். சித்திரை மதியம் அவிநாசி ரோட்டில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும்போதுதான் வினை. மெல்லிசாக ஙொய் என்றிருந்த பம்ப் கரகரவென்று கத்தும், அழுத்தம் காட்டும் கேஜ் முள் நடுங்கி 2 பாருக்கு இறங்கும், எஞ்சின் நின்றுவிடும். ஓரமாக ஒதுக்கி, சூடு தணியும்வரை வெயிலில் நிற்க வேண்டியதுதான்.

காரணத்தைப் புரியவைத்தவர் போர்வெல் மோட்டார் ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவர். "பம்புக்குத் தள்ளத்தானுங்க தெரியும், உறிஞ்ச வராதுங்க. சக்ஷன் சிறுத்தா கத்தத்தான் செய்யும்" என்றார். சுற்றிச் சுற்றித் திரும்பும் பெட்ரோல் டாங்கையே சூடாக்குகிறது. குறுகலான பெட்ரோல் டேப் வழியாக அதை இழுக்கும்போது சக்ஷன் பக்கத்தில், அதாவது பம்ப் உறிஞ்சும் பக்கத்தில், ஆவிக்குமிழி வருகிறது. டேப்பை மாற்றி, அகலமான ஹோஸ் போட்டு, பம்பை இன்னும் கீழே இறக்கியதில் பாதித் தொல்லை தீர்ந்தது. டாங்கில் கால்வாசிக்குக் கீழே போனால் மறுபடியும் அதே கதை.

நியாயமாகப் பார்த்தால் பம்பின் குற்றம் பாதிதான். அதைக் குளிர வைப்பதும் பெட்ரோல்தான், வழவழப்பாக வைப்பதும் பெட்ரோல்தான். குமிழியைக் குடித்தால் எந்தப் பம்பும் தேயும். ஆனால் "கம்பெனி அயிட்டம் சார்" என்று அடித்துச் சொல்லி விற்றாரே கடைக்காரர், அந்தப் பம்பைப் பிரித்தால் உள்ளே மோட்டாரின் கார்பன் பிரஷ் ஏற்கெனவே பாதி தேய்ந்திருந்தது. பழசைத் துடைத்துப் புதுப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள். நடுரோட்டில் நின்றவனுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும்.

நண்பனின் தம்பி இதே வண்டிதான் வைத்திருக்கிறான். "நம்ம வண்டிக்கும் போட்டுரலாமுங்களாண்ணா?" என்று கேட்டான். வேண்டாம் என்றுதான் சொன்னேன். மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டும் அதைத்தான் சொல்கிறேன். தினமும் வேலைக்குப் போகிற வண்டி அது. கார்பைச் சுத்தம் செய்து, எத்தனால் பெட்ரோலுக்குத் தாங்கும் ஹோஸ் மாற்றி ஓட்டு. ஊட்டியில் திணறினால் திணறட்டும். எஃப்ஐதான் வேண்டுமென்றால், 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டியாகப் பார்த்து வாங்கு.

என் வண்டியிலிருந்து இதைக் கழற்ற மாட்டேன். அடுத்த மாதம் டாங்கை வெட்டி, பம்பை உள்ளேயே இறக்கப்போகிறேன். பெட்ரோல் ஆவி துளியும் தங்காதபடி டாங்கை அலசி, வெல்டிங் வைக்கும் இடம்வரை தண்ணீர் நிரப்பித் தந்தால் பற்றவைத்துத் தருவதாகப் பட்டறையில் சொல்லியிருக்கிறார்கள்.